பொருள் எமது, சாவி எவரது?

துலாவின் கயிறு அறுந்தால் கமக்காரன் மறு கயிறு கட்டினான். கலப்பையின் கொழு தேய்ந்தால் கொல்லனிடம் கொண்டு சென்றான். நீரிறைக்கும் இயந்திரம் நின்றுபோனால் சந்திக் கராஜுக்கு ஏற்றிச் சென்றான். அங்கே கையெல்லாம் எண்ணெய் படிந்த பிள்ளையொருவன் அதைப் பிரித்துப் போட்டு, அடைப்பை நீக்கி, பொழுது சாய்வதற்குள் ஓடச் செய்தான். இவற்றுள் எதற்கும் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டிய நிலை இருந்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே சொந்தம் என்பதைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டித்தான் அறியவேண்டும் என்று எமது பாட்டனார் காலத்தில் எவரேனும் கூறியிருந்தால், அவரைப் பைத்தியக்காரர் என்றே ஊர் நகைத்திருக்கும்.

இன்று அவ்வாறு நகைப்பதற்கில்லை. பொருளை எம்மிடம் விற்றுவிட்டு, அதன் சாவியை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் புதிய வாணிபமொன்று உலகெங்கும் வேரூன்றிவிட்டது. அச் சாவிக்கு மென்பொருள் என்று பெயர். இயந்திரத்தினுள்ளே கண்ணுக்குத் தெரியாது அமர்ந்திருந்து, ஓடு என்றும் நில் என்றும் அதற்குக் கட்டளையிடுவது அது. அக் கட்டளையை எழுதியவர் எவரோ அவரே உண்மையில் அப் பொருளின் எசமானர். விலை கொடுத்தவர் வெறும் குடிக்கூலிக்காரர். இந்த நிலை எமது கமக்காரருக்கும் உத்தியோகத்தருக்கும் என்ன தீங்கைக் கொண்டுவரும் என்பதைக் காலம் தாழ்த்தாது சிந்திக்கவேண்டியது எமது கடமையாகும்.

கொல்லனின் பெயரால்

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, 1837ஆம் ஆண்டில், ஜோன் டியர் என்னும் கொல்லர் உடைந்துபோன மரம் அறுக்கும் வாளொன்றின் உருக்குத் தகட்டை எடுத்து ஒரு கலப்பையைச் செய்தார். அப் பகுதியின் புல்வெளி மண் ஒட்டும் தன்மை மிக்கது. வார்ப்பிரும்புக் கொழுவில் அது அப்பிக்கொள்ளும். உழவன் அடிக்கடி நின்று சுரண்டி எறியவேண்டும். பளபளப்பாகத் தீட்டிய உருக்கிலோ மண் ஒட்டாது வழுக்கிச் சென்றது. பிறர் கழித்த பொருளைத் தன் கையால் மாற்றியமைத்த அந்தக் கைவினைஞரின் பெயரைத் தாங்கிய கம்பனி, இன்று உலகின் மிகப் பெரிய கமத்தொழில் இயந்திரக் கம்பனிகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

அக் கம்பனியின் இன்றைய உழவு இயந்திரத்தையும் அறுவடை இயந்திரத்தையும் திருத்துவதற்கு உருக்கும் உலையும் போதா. உள்ளே பல கணினிகளும் எண்ணற்ற உணரிகளும் உள்ளன. ஓர் உணரி பழுதுபட்டால் இயந்திரம் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றேவிடும். பழுது இன்னது என்று முழுமையாகக் கண்டறியும் மென்பொருள் கம்பனியின் அனுமதி பெற்ற முகவரிடம் மட்டுமே இருந்துவந்தது. கமக்காரன் புதிய உறுப்பை வாங்கித் தன் கையாலேயே பூட்டினாலும், முகவர் வந்து தம் கணினியை இணைத்து அவ் வுறுப்பை இயந்திரத்துக்கு ‘அறிமுகம்’ செய்துவைக்கும்வரை இயந்திரம் அதனை ஏற்றுக்கொள்ளாத சந்தர்ப்பங்கள் பல. வயலிலே தானியம் முற்றி நிற்க, வானத்திலே முகில் கறுத்து வர, முகவரின் வண்டி எப்போது வரும் என்று வழி பார்த்து நிற்பவனின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை எமது கமக்காரருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் ஒன்று மென்பொருட் பூட்டை உடைப்பதைத் தடைசெய்தது. படங்களும் பாடல்களும் களவு போகாமற் காப்பதற்கென்று போடப்பட்ட வேலி அது. பின்னர் உழவு இயந்திரத்தையும் சுற்றி வளைத்துக்கொண்டது. அத் தடையிலிருந்து விலக்களிப்பது பற்றி 2015இல் பதிப்புரிமை அலுவலகம் ஆராய்ந்தபோது, இயந்திரத்தை வாங்கியவருக்கு அதனுள்ளிருக்கும் மென்பொருள் சொந்தமன்று என்றும், இயந்திரம் உள்ளவரை அதனை ஓட்டுவதற்கான உட்கிடையான அனுமதியே அவருக்கு உண்டென்றும் அக் கம்பனி எழுத்திலே வாதிட்டது. அவ் வாண்டு ஒக்டோபரில் உழவு இயந்திரங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் அவ் விலக்கு எத்தகையது? உரிமையாளர் தம் இயந்திரத்தின் பூட்டைத் திருத்தத்துக்காகத் திறக்கலாம். ஆனால் திறப்பதற்கான கருவியைச் செய்து அவருக்கு விற்பது தொடர்ந்தும் தடையாகவே இருந்தது. கிணற்றில் நீர் அள்ளலாம், வாளி விற்கலாகாது என்பது போன்ற நீதி இது!

இதன் விளைவு யாது? உக்ரேனில் உடைத்தெடுக்கப்பட்ட மென்பொருளை அமெரிக்கக் கமக்காரர் சிலர் இணையத்தின் வழியே மறைவாக வாங்கித் தம் சொந்த இயந்திரங்களைத் திருத்துகின்றனர் என்று 2017இல் செய்திகள் வெளிவந்தன. நேர்மையாக உழைக்கும் கமக்காரரைத் தம் உடைமையைத் திருத்துவதற்காகவே கள்ளச் சந்தைக்கு அனுப்பிய பெருமை அந்தச் சட்டத்தைச் சாரும்.

ஆயினும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. சங்கம் அமைத்தனர், மாநிலச் சட்டசபைகளின் கதவுகளைத் தட்டினர். 2023 ஏப்பிரலில் கொலராடோ மாநிலம் கமத்தொழில் இயந்திரங்களைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவே இலினோய், மினசோட்டா மாநிலங்களுடன் சேர்ந்து அக் கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. உலகின் மிக வலிமை வாய்ந்த முதலாளித்துவ நாட்டின் அரசாங்கமே இது சந்தைச் சுதந்திரமன்று, தனியுரிமைப் பிடி என்று குற்றஞ்சாட்டி நீதிமன்றம் ஏறியது என்பதை எம்மவர் கவனிப்பார்களாக.

கள்வனை நிறுத்தும் கை

2022ஆம் ஆண்டில் உக்ரேனின் மெலிற்றபோல் நகரிலிருந்து, ஏறத்தாழ 50 இலட்சம் டொலர் பெறுமதியான கமத்தொழில் இயந்திரங்களை ரஷ்யப் படையினர் கொள்ளையிட்டுச் சென்றனர். அவற்றுட் சில தொலைவிலுள்ள செச்னியாவரை கொண்டுசெல்லப்பட்டன. ஆயின் அங்கே அவை ஓடவில்லை. விற்பனையாளர்கள் தம் இடத்தில் இருந்தவாறே, இயந்திரங்கள் எங்கே நிற்கின்றன என்று கண்டறிந்து, அவற்றை முடக்கிவிட்டனர். கொள்ளைக்காரருக்குக் கிடைத்த இந்தப் பாடத்தைக் கேட்டு உலகம் கைகொட்டியது. நாமும் மகிழ்ந்தோம்.

மகிழ்ந்த பின்னர் ஒரு கணம் சிந்தித்தோம். கள்வனின் கையிலிருக்கும் இயந்திரத்தை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நிறுத்த வல்ல கை, உடையவனின் கையிலிருக்கும் இயந்திரத்தையும் நிறுத்த வல்லதன்றோ? இன்று நியாயத்துக்காக அழுத்தப்படும் பொத்தான், நாளை தவணைப் பணம் தாமதித்ததற்காகவோ, இரு அரசாங்கங்களுக்கிடையே பகை மூண்டதற்காகவோ அழுத்தப்படாது என்று எவர் பிணை நிற்பார்? நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்தில் இருத்தல் வேண்டும். விற்பனைக் கம்பனியொன்றின் மேசையில் அது இருத்தலாகாது.

உத்தியோகத்தர் பாடு

இது கமக்காரருக்கு மட்டும் வந்த வினையன்று. மேசையிலிருந்து தொழில் செய்யும் கணக்காளரும் வைத்தியரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் இதே வலையிற் சிக்கியுள்ளனர். அடோபி என்னும் கம்பனி, அச்சகத்தாரும் ஓவியரும் ஒருமுறை விலை கொடுத்து வாங்கி ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்திவந்த தன் மென்பொருட் தொகுதியின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவுக்கு மட்டுமே கிடைக்கும் என 2013இல் அறிவித்தது. சந்தா நின்றால் கருவியும் நின்றுபோகும். உளி வாங்கிய தச்சனிடம் மாதந்தோறும் உளிக்கு வாடகை கேட்பதை ஒத்தது இது.

மைக்ரோசொப்ட் கம்பனி 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பு, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. திரை ஒளிர்கின்றது, விசைகள் இயங்குகின்றன, கணினியில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் அது ‘காலம் கடந்தது’ எனத் தீர்ப்பளிக்கப்பட்டுவிட்டது. தனிப் பாவனையாளருக்கு மேலும் ஓராண்டுத் தவணை கொடுக்கப்பட்டது உண்மையே. மரணதண்டனைக் கைதிக்குக் கொடுக்கும் தவணைக்கும் அதற்கும் என்ன வேற்றுமை? எமது கிராமப் பாடசாலைகளிலே, வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் அனுப்பிவைத்த கணினிகளைப் போற்றிப் பாதுகாத்துவரும் ஆசிரியர்கள் இந்தத் தீர்ப்பின் பாரத்தை நன்கறிவர்.

இவ்வாறு உலகத்தின் வேலைகளெல்லாம் ஒரு சில கம்பனிகளின் மென்பொருளில் தொங்கி நிற்பதன் ஆபத்தை 2024 ஜூலை 19ஆம் தேதி காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருட் கம்பனி அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளிற் செயலிழந்தன. விமானங்கள் பறக்கவில்லை, மருத்துவமனைகளில் வைத்தியம் தடைப்பட்டது, வங்கிகள் தடுமாறின. பகைவர் எவரும் படையெடுத்து வரவில்லை. காவலுக்கு வைத்தவன் கைதவறிச் செய்த பிழையே அத்துணைக் கேட்டையும் விளைத்தது.

வீதியும் விற்பனைக்கு

பொருளுக்கு நேர்ந்ததே பொதுவழிக்கும் நேர்ந்துவருகின்றது. எமது நாட்டில் தொலைபேசிச் சேவை நெடுங்காலம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 சதவீதப் பங்கு ஜப்பானியக் கம்பனியொன்றுக்கு விற்கப்பட்டது. அதற்கு முன்னைய காலம் பொற்காலமென்று நாம் கூறமாட்டோம். ஒரு தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்களும், பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதத்துக்கு அலைந்தவர்களும் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். அரசாங்கத்தின் கை என்பதனாலேயே அது நல்ல கை ஆகிவிடுவதில்லை. தமிழ் மக்களுக்கு இதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் அரசாங்கம் தவறிழைத்தால் கேட்பதற்கு ஒரு பாராளுமன்றம் உண்டு, நீதிமன்றம் உண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டும் உண்டு. வானத்திற் செல்லும் தனியார் செய்மதிகளுக்கு எந்தத் தொகுதியில் நாம் வாக்களிப்பது? கிரைமியாவின் செவஸ்தோபோல் வரை ஸ்டார்லிங்க் இணைப்பை இயக்கித் தருமாறு உக்ரேன் தரப்பிலிருந்து அவசர வேண்டுகோள் வந்ததென்றும், தாம் அதற்கு இணங்கவில்லையென்றும் அதன் அதிபர் எலோன் மஸ்க் 2023இல் தாமே வெளியிட்டார். அவர் செய்தது சரியா தவறா என்பது இங்கே வாதமன்று. ஒரு போரின் போக்கில் தலையிடும் வல்லமை, எவராலும் தெரிவுசெய்யப்படாத ஒரு தனிமனிதரின் விருப்பில் தங்கிநின்றது என்பதே கேள்வி. அதே சேவை 2025 ஜூலையில் இலங்கையிலும் தொடங்கியது. கம்பி எட்டாத தீவகத்துக்கும் வன்னிக் காட்டோரத்துக்கும் அது நன்மை செய்யக்கூடும். நன்மையை நாம் மறுக்கவில்லை. அந்த ஒரு கயிற்றை மட்டுமே நம்பிக் கிணற்றில் இறங்கலாகாது என்றே கூறுகின்றோம்.

விளக்கணைந்த ஆண்டுகள்

அமெரிக்கக் கமக்காரனின் வழக்கு எமக்கெதற்கு என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்கு 1990களை நினைவூட்டுகின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே 1990இல் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் உரத்துக்கும் தடை வந்தது. பெற்றோல் துளிக் கணக்கிற் பேசப்படும் பண்டமாயிற்று. அந்நாளில் எமது மக்கள் என் செய்தனர்? சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மோட்டார்ச் சைக்கிளும் ஓடியது. பழைய மொறிஸ் மைனரும் ஏ40 காரும் ஓடின. நீரிறைக்கும் இயந்திரமும் ஓடியது. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலியைப் பேசவைத்தனர். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சையும் மண்ணெண்ணெயையும் இட்டு, அந்தச் சிறு சுடரிலே பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினர். இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் உலகெங்கும் பரந்திருப்போரில் எத்தனையோ பேர் அந்தச் சுடரில் கற்றவர்களே.

இது எவ்வாறு கைகூடிற்று? எம்மவரின் மதிநுட்பத்தால் என்று பெருமையுடன் கூறுவோம், அது உண்மையே. ஆனால் உண்மையின் மறுபாதியை நாம் மறந்துவிடுகின்றோம். அந்த இயந்திரங்கள் திறக்கக்கூடியனவாக இருந்தன. மண்ணெண்ணெயை ஊற்றியபோது, ‘இது அங்கீகரிக்கப்படாத எரிபொருள்’ என்று கூறி மொறிஸ் மைனர் நிற்கவில்லை. வானொலி தன் பிறப்பிடத்தைத் தொடர்புகொண்டு, டைனமோவில் ஓட அனுமதி உண்டா என்று கேட்கவில்லை. கராஜில் வேலை பழகிய பிள்ளை காபரேற்றரைக் கழற்றியபோது எந்தச் சட்டமும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

அந்த ஆண்டுகளிலே எமது வயல்களிலும் வீதிகளிலும் இன்றைய பூட்டிட்ட இயந்திரங்கள் இருந்திருந்தால், அவை இணைப்பற்ற முதல் மாதத்திலேயே இரும்புக் குவியலாகியிருக்கும். முற்றுகையைத் தாங்கி நின்ற ஒரு மக்கள் கூட்டம், தன் கருவிகளைத் தானே திறக்கும் உரிமையைச் சிறு விடயமென்று கருதலாகாது. அத்தகைய காலம் இனி எவருக்கும் வரவேண்டாம் என்பதே எமது பிரார்த்தனை. ஆயினும் 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் கண்டோமன்றோ? துன்பம் முன்னறிவித்தல் கொடுத்து வருவதில்லை.

எமது வயல்களில் ஓடும் உழவு இயந்திரங்களிற் பெரும்பாலானவை இன்றும் ஊர்க் கராஜிலேயே திருத்தக்கூடியவை. அதனாலேதான் இப்போதே பேசுகின்றோம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இனி வருவன கணினியை வயிற்றில் தாங்கிய வாகனங்களே. நோய் வருமுன் காப்பது செலவு குறைந்த வைத்தியம்.

சமாதானம் கூறுவோர்க்கு

கம்பனிகளின் தரப்பிலும் வாதங்கள் உண்டு. பயிற்சியற்றவர் மென்பொருளில் கைவைத்தால் விபத்து நேரும், புகைக் கட்டுப்பாடு கெடும் என்பர். தடுப்புக் கட்டை தேய்ந்த லொறியை ஊர்க் கராஜில் திருத்துவதும் உயிர் சம்பந்தப்பட்ட வேலைதான். அதற்காகத் தடுப்பைத் திருத்தும் அறிவை நாம் மறைத்துவைப்பதில்லை, கற்றுக்கொடுக்கின்றோம். புகைக்குச் சட்டமும் பரிசோதனையும் உண்டு; மீறியவனைத் தண்டிக்கலாம்.

ஆராய்ச்சிக்குச் செலவிட்டவர்கள் இலாபம் பெறவேண்டாமோ என்பர். பெறட்டும். விற்கும்போது விலையைப் பெறட்டும். விற்ற பின்னரும் ஒவ்வொரு பழுதிலும் வரி அறவிடுவது நிலப்பிரபுவின் வழக்கம். மேலும், பூட்டில்லாமல் மென்பொருள் வளராது என்பதும் பொய். 1991இல் பின்லாந்து மாணவர் ஒருவர் தொடங்கிவைத்து, உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய லினக்ஸ் எவரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியது. பெரும் கம்பனிகளின் சொந்தக் கணினிகளே இன்று அதிற்றான் ஓடுகின்றன. அத்தகைய மென்பொருளைத் தமிழில் ஆக்குவதற்கு எந்த முதலாளியின் உத்தரவும் வேண்டுவதில்லை; ஆர்வமுள்ள இளைஞர் நால்வர் போதும்.

செய்யவேண்டியது

முதலாவதாக, எமது கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஓர் இயந்திரத்தை வாங்குமுன், விலையைக் கேட்கும் அதே வாயால் மூன்று கேள்விகளைக் கேட்பனவாக. இதன் திருத்தக் கைந்நூல் கிடைக்குமா? பழுதறியும் கருவியை எமது கராஜுக்கு விற்பீர்களா? இணைப்பு இல்லாதபோதும் இது ஓடுமா? தனியொருவன் கேட்டால் விற்பனையாளர் சிரிப்பார். நூறு கமக்காரர் சேர்ந்து கேட்டால் பதில் எழுத்தில் வரும்.

இரண்டாவதாக, பிரதேச சபைகளும் மருத்துவமனைகளும் பாடசாலைகளும் மென்பொருள் வாங்கும்போது, தம் பதிவேடுகளை எப்போது வேண்டுமாயினும் வேறிடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பெறவேண்டும். மக்களின் பணத்தால் திரட்டிய பதிவுகள் மக்களுடையவை.

மூன்றாவதாக, சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கென ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. எமது நாட்டிலே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. விற்ற பொருளைத் திருத்தும் வழியை விற்பவர் மறைத்தலாகாது என்னும் பிரிவொன்றை அதிற் சேர்க்குமாறு எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் குரல் எழுப்புவார்களா? இது இன வேறுபாடில்லாத கோரிக்கை. பொலனறுவைக் கமக்காரனுக்கும் பரந்தன் கமக்காரனுக்கும் பூட்டு ஒன்றே.

நான்காவதாக, கல்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலே அமைந்துள்ளன. அவற்றைச் சூழ வயல்கள் இருக்கின்றன. மாணவரும் கராஜுத் தொழிலாளரும் ஒரே மேசையிலிருந்து இந்தப் புதிய இயந்திரங்களின் உள்ளமைப்பைக் கற்பார்களாயின், அதனினும் சிறந்த ஆய்வுகூடம் வேறெங்கும் வேண்டியதில்லை.

இறுதியாக எம்மை நாமே ஒன்று கேட்கவேண்டும். கைத்தொலைபேசித் திரையிலே நீண்டதோர் உடன்படிக்கை தோன்றும்போது, அதில் ஒரு வரியைத்தானும் வாசியாது ‘சம்மதம்’ என்று விரலால் அழுத்துகின்றோமே, காணி உறுதியில் அவ்வாறு கையொப்பமிடுவோமா? ஒவ்வொரு சம்மதமும் ஓர் உறுதி. சிறிது சிறிதாக எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றோம். இனியேனும் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுவோமாக. விலை கொடுத்த பொருளோடு அதன் சாவியையும் கேட்டுப் பெறுவோமாக.